உடைக்கவென்றே ஒரு சர்வர்: மாணவர்களே நடத்தும் லினக்ஸ் நிர்வாக வகுப்பு

பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டீகால் என்றொரு வழக்கம் 1980-களின் தொடக்கத்திலிருந்து நடந்துவருகிறது. மாணவர்களே பாடத்திட்டம் எழுதி, மற்ற மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறார்கள். ஒரு பேராசிரியர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும், துறையின் ஒப்புதலும் வேண்டும். கணினி அறிவியல் துறையில் இத்தகைய வகுப்புகள் 98, 198 என்ற எண்களில் பதிவாகும். தரமதிப்பீடு கிடையாது, தேறினார், தேறவில்லை என்பது மட்டும். ஒரு யூனிட் என்றால் வாரத்துக்கு 3 மணி நேர உழைப்பு என்பது அங்கே கணக்கு. அந்த வரிசையில் லினக்ஸ் சிஸ்டம் நிர்வாகத்துக்கும் ஒரு வகுப்பு உண்டு. 1989-இல் தொடங்கிய ஓப்பன் கம்ப்யூட்டிங் ஃபெசிலிட்டி, சுருக்கமாக ஓசிஎஃப், என்ற மாணவர் அமைப்பு அதை நடத்துகிறது. எக்ஸ்சிஎஃப் என்ற இன்னொரு பழைய மாணவர் அமைப்பும் அதில் கைகொடுத்திருக்கிறது. பாடக் குறிப்புகளும் பயிற்சித் தாள்களும் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன.

ஷெல், பேக்கேஜ், சர்வீஸ், நெட்வொர்க், டிஎன்எஸ், வெப் சர்வர், பாதுகாப்பு, கன்டெய்னர், கான்ஃபிகரேஷன் மேலாண்மை என்ற வரிசையில் புதிதாக ஒன்றுமில்லை. எந்தப் பயிற்சி நிலையத்தின் விளம்பரத்திலும் அதே பட்டியல்தான். இங்கே வித்தியாசம் இரண்டு. முதலாவது, ஒவ்வொரு மாணவர் கையிலும் ரூட் உரிமையோடு, அதாவது எதையும் மாற்றும் முழு அதிகாரத்தோடு, ஒரு மெய்நிகர் இயந்திரம் இருக்கிறது. அதைக் கெடுத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். இரண்டாவது, சொல்லிக்கொடுப்பவர்கள் நிஜமாகவே சர்வர் நடத்துகிறவர்கள். ஓசிஎஃப் தன் வளாகத்து மாணவர்களுக்குக் கணினிக்கூடம், அச்சிடும் வசதி, வெப் ஹோஸ்டிங் எல்லாம் தருகிறது. அதை இயக்குவது தன்னார்வ மாணவர்கள். அவர்கள் நாலு வருடத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள் என்பது நாள் குறித்த உண்மை. நிறுவனங்களில் ‘அவர் போனால் யாருக்குத் தெரியும்’ என்பது பயம். இங்கே அது அட்டவணை. அதனால் எந்த அறிவும் ஒருவர் தலைக்குள் மட்டும் தங்க முடியாது; குறிப்பாகவோ கான்ஃபிகரேஷன் கோப்பாகவோ வெளியே வந்தாக வேண்டும். நிர்வாகம் கற்க இதைவிட நல்ல நெருக்கடி வேறில்லை என்பது என் கணிப்பு.

இப்படியொரு வகுப்பை உங்கள் கல்லூரியிலோ நண்பர் வட்டத்திலோ நடத்த நினைத்தால், அல்லது தனியாக உட்கார்ந்து படிக்க நினைத்தால், எந்தெந்த இடத்தில் இடறும், ஏன் இடறும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

இயந்திரம் முதலில்

டெஸ்க்டாப் இல்லாத டெபியன் என்ற லினக்ஸ் வகைக்கு 1 ஜிபி நினைவகமும் 10 ஜிபி வட்டும் பயிற்சிக்குத் தாராளம். 30 பேர் வகுப்பென்றால் 64 ஜிபி நினைவகமுள்ள ஒற்றைப் பழைய சர்வர் போதும். மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் கேவிஎம், லிப்வர்ட் இரண்டையும் போட்டு, ஒரு அடிப்படை வட்டுப் படிமம் தயாரித்து, அதன்மேல் ஆளுக்கொரு க்யூகவ்2 மேலடுக்கு உருவாக்குங்கள். மேலடுக்கில் மாணவர் மாற்றிய பகுதி மட்டும் சேமிக்கப்படும் என்பதால் 30 இயந்திரத்துக்கு 30 மடங்கு வட்டு தேவையில்லை. உடைந்த இயந்திரத்தை மீட்க மேலடுக்கை அழித்துப் புதிதாக உருவாக்கினால் சரி. ஒரு நிமிட வேலை.

இதில் மூன்று பொறிகள் இருக்கின்றன. அடிப்படைப் படிமத்தை வகுப்பு தொடங்கிய பிறகு யாராவது இயக்கி, சும்மா நிரல்களைப் புதுப்பிக்கும் ஒரு ஆப்ட் அப்கிரேடு போட்டாலும் போதும், அதன்மேல் நிற்கும் எல்லா மேலடுக்குகளும் பாழ். அந்தக் கோப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டிவையுங்கள். அடுத்தது, மேலடுக்குகள் வளர்ந்து தாய் இயந்திரத்தின் வட்டை நிரப்பிவிட்டால் எல்லா இயந்திரங்களும் ஒரே நேரத்தில் உறைந்து நிற்கும். மாணவர் பக்கத்திலிருந்து பார்த்தால் காரணம் புரியவே புரியாது. மூன்றாவதுதான் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது: படிமத்தை அப்படியே நகலெடுத்தால் ஈடிசி அடைவிலுள்ள மெஷின்-ஐடி கோப்பும் நகலாகிவிடும். லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் நெட்வொர்க் பகுதி, ஐபி முகவரி கேட்கும்போது காட்டும் டிஎச்சிபி அடையாளத்தை அந்த எண்ணிலிருந்துதான் உருவாக்குகிறது. மேக் முகவரி வெவ்வேறாக இருந்தாலும் இரண்டு இயந்திரத்துக்கும் ஒரே ஐபி கிடைக்கும். ஒருவர் உள்ளே நுழைய இன்னொருவர் இணைப்பு அறுந்துபோகும். நகலெடுக்கும் முன் அந்தக் கோப்பை வெறுமையாக்குங்கள். அழிக்க வேண்டாம், நீளத்தைச் சுழியாக்கினால் அடுத்த துவக்கத்தில் தானே புது எண் எழுதிக்கொள்ளும். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் ஹோஸ்ட் சாவிகளையும் அழித்துவிட்டு, ஒவ்வொரு நகலிலும் ‘எஸ்எஸ்எச்-கீஜென் மைனஸ் பெரிய ஏ’ கொடுத்துப் புதிதாக உண்டாக்குங்கள். இல்லாவிட்டால் 30 பேர் சர்வருக்கும் ஒரே அடையாளம். யாருடைய இயந்திரத்தில் இருக்கிறோம் என்பதைச் சரிபார்க்கும் வழியே போய்விடும்.

சீரியல் கன்சோலை முதல் நாளே திறந்துவையுங்கள். லினக்ஸின் மைய நிரலான கெர்னலின் துவக்க வரியில் டிடிஒய்எஸ்0 கன்சோலைச் சேர்த்துவிட்டால், நெட்வொர்க்கே இல்லாத இயந்திரத்துக்குள்ளும் ‘விர்ஷ் கன்சோல்’ வழியாக நுழையலாம். வெளியேற கன்ட்ரோலும் வலது சதுர அடைப்புக்குறியும். இதைச் சுவரில் எழுதி ஒட்டாவிட்டால் ஒவ்வொரு வாரமும் ஒருவர் கேட்பார்.

முதல் வாரத்தின் ‘பெர்மிஷன் டினைட்’

முதல் வகுப்பில் பாதி நேரம் எஸ்எஸ்எச் சாவியில் போகும். போகட்டும். அனுமதிகள் பற்றிய பாடம் முழுக்க அந்த ஒரு பிழைச்செய்திக்குள் இருக்கிறது.

இடி25519 வகைச் சாவி ஒன்றை உருவாக்கி, பப் என்று முடியும் கோப்பை மட்டும் சர்வருக்கு அனுப்ப வேண்டும். டெர்மினலிலிருந்து நகலெடுத்து ஒட்டுகிறவர்களுக்குச் சாவி நடுவில் உடைந்து இரண்டு வரியாகிவிடும். ஆதரைஸ்ட்-கீஸ் கோப்பில் ஒரு சாவி ஒரே வரியில் இருந்தாக வேண்டும். ‘எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி’ இந்தத் தொல்லையைத் தவிர்க்கும். பிறகு அனுமதிகள்: எஸ்எஸ்எச் அடைவுக்கு 700, உள்ளே இருக்கும் சாவிக் கோப்புகளுக்கு 600, அதாவது உரிமையாளரைத் தவிர வேறு யாருக்கும் எதுவுமில்லை. இதையும் செய்தாகிவிட்டது, இன்னும் உள்ளே விடமாட்டேன் என்கிறதா? வீட்டு அடைவைப் பாருங்கள். குழுவில் வேறு ஆட்களும் இருந்து, அவர்களும் எழுதலாம் என்று 775 கொடுத்திருந்தால், எஸ்எஸ்எச்டி என்ற சர்வர் பக்க நிரல் மறுத்துவிடும். வீட்டு அடைவில் இன்னொருவர் எழுத முடியுமென்றால் அவர் எஸ்எஸ்எச் அடைவையே பெயர் மாற்றி, தன் சாவி உள்ள அடைவை அங்கே வைத்துவிடலாம் அல்லவா. மறுப்பதற்குக் காரணம் அதுதான். மாணவர்கள் எரிச்சலில் 777 கொடுப்பார்கள். எல்லோருக்கும் எல்லாம் திறந்துவிட்டால் வேலை செய்யும் என்ற உள்ளுணர்வு இங்கே நேர் எதிராக அடிக்கும். அந்த அடி விழுவது நல்லது.

இங்கேயே பழக்க வேண்டியது இன்னொன்று. மறுக்கப்பட்டவருக்குக் காரணத்தைச் சொல்லாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. ஆகவே உங்கள் பக்கத்துத் திரையில் எத்தனை முறை பார்த்தாலும் ‘பெர்மிஷன் டினைட்’ மட்டுமே தெரியும். முழுக் காரணம் சர்வர் பக்கப் பதிவேட்டில் இருக்கிறது. கன்சோல் வழியாக நுழைந்து ‘ஜர்னல்சிடிஎல் மைனஸ் யு எஸ்எஸ்எச்’ கொடுத்தால், உரிமையாளரோ அனுமதியோ சரியில்லை என்று எந்த அடைவின் பெயரோடு எழுதியிருக்கிறதோ அங்கேதான் கோளாறு. டெபியனில் அந்தச் சர்வீஸின் பெயர் எஸ்எஸ்எச். ரெட்ஹேட் வகையில் எஸ்எஸ்எச்டி. இணையத்தில் கிடைத்த கட்டளையை அப்படியே அடித்துவிட்டு ‘பதிவே இல்லை’ என்கிறவர்கள் இதில்தான் சிக்குவார்கள்.

எஸ்எஸ்எச் அமைப்பைத் திருத்தும்போது ஒரு ஒழுங்கு வேண்டும். ‘எஸ்எஸ்எச்டி மைனஸ் டி’ (sshd -t) கொடுத்து எழுத்துப்பிழை பாருங்கள். சர்வீஸை ரீலோடு செய்யுங்கள். இருக்கும் இணைப்பை மூடாமல் இரண்டாவது டெர்மினலில் புதிதாக நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் மட்டும் முதலாவதை மூடலாம். சர்வீஸை மறுதொடக்கம் செய்தாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு அறுபடாது என்பதால்தான் இந்த வழி செல்லும். யுஎஃப்டபிள்யூ தீச்சுவருக்கும் இதே எச்சரிக்கை: எஸ்எஸ்எச்சுக்கான 22-ஆம் போர்ட்டை அனுமதிக்கும் வரி முதலில், ‘எனேபிள்’ அதற்குப் பிறகு. தலைகீழாகச் செய்கிறவர் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது இருப்பார். சீரியல் கன்சோல் அவருக்காகத்தான்.

ஷெல்லில் வெற்றிடம் என்ற எதிரி

மாறிக்கு மதிப்பளிக்கும்போது சமக்குறியின் இருபுறமும் இடம் விடக்கூடாது. சதுர அடைப்புக்குறிக்குள் சோதனை எழுதும்போது இடம் விட்டே ஆக வேண்டும். பைத்தானிலிருந்து வருகிறவர்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். அடைப்புக்குறி என்பது இலக்கணக் குறி அல்ல, அதுவும் ஒரு கட்டளை என்று சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். கட்டளைக்கும் அதற்குக் கொடுக்கும் சொற்களுக்கும் நடுவில் இடைவெளி வேண்டும்தானே.

மாறிகளை இரட்டை மேற்கோளுக்குள் வைக்காததுதான் உண்மையான ஆபத்து. கோப்பின் பெயரில் இடைவெளி வந்தால் ஒரு பெயர் இரண்டாக உடையும். மாறி வெறுமையாக இருந்தால் இன்னும் மோசம்: அடைவின் பெயரை மாறியில் வைத்து, அதன்பின் சாய்கோடும் நட்சத்திரமும் போட்டு அழிக்கும் வரியில், மாறி காலியாக இருந்தால் அழிவது வேர் அடைவின் உள்ளடக்கம். ஸ்கிரிப்ட்டின் தலையில் ‘செட் மைனஸ் ஈயுஓ பைப்ஃபெயில்’ எழுதுங்கள். அதிலுள்ள ‘யு’, மதிப்பே கொடுக்கப்படாத மாறியைத் தொட்டதும் நிறுத்திவிடும். ஆனால் வெறுமையான சரம் கொடுக்கப்பட்ட மாறியை அது பிடிக்காது; அழிக்கும் வரிக்கு முன் தனியாகச் சோதிக்கத்தான் வேண்டும். ஸ்கிரிப்ட்டில் இத்தகைய தவறுகளைச் சுட்டும் ஷெல்செக் என்ற கருவியை எல்லோர் இயந்திரத்திலும் நிறுவிவிடுங்கள். பயிற்சியாளரின் குரல் பாதி மிச்சமாகும்.

விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்ட்டை லினக்ஸுக்குக் கொண்டுவந்தால், கோப்பு கண்ணெதிரே இருந்தும் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று வரும். வரி முடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கேரேஜ் ரிட்டர்ன் எழுத்துதான் காரணம்: முதல் வரியில் உள்ள பேஷ் என்ற ஷெல்லின் பாதையோடு அதுவும் சேர்ந்து, இல்லாத ஒரு நிரலைக் கெர்னல் தேடுகிறது. ‘டாஸ்2யுனிக்ஸ்’ சரிசெய்யும்.

கையால் ஓட்டினால் வேலை செய்கிறது, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் இல்லை என்பது அடுத்த வாரப் புலம்பல். கிரானுக்குத் தெரிந்த பாதைகள் சொற்பம். யுஎஸ்ஆர் பின், பின் இரண்டைத் தவிர வேறெங்கும் தேடாது. உங்கள் பேஷ் அமைப்புக் கோப்பையும் அது படிக்காது. கட்டளைகளை முழுப் பாதையோடு எழுத வேண்டும். இன்னொன்று அனுபவசாலிகளையும் கவிழ்க்கும்: கிரானின் பட்டியலான கிரான்டேப் வரியில் சதவீதக் குறிக்குப் புதுவரி என்று பொருள். காப்புக் கோப்பின் பெயரில் தேதி சேர்க்க ‘டேட்’ கட்டளையைச் சதவீதக் குறிகளோடு அங்கேயே எழுதினால், வரி பாதியில் வெட்டுப்படும். ஒவ்வொரு சதவீதக் குறிக்கு முன்னும் பின்சாய்கோடு போடுங்கள், அல்லது எல்லாவற்றையும் ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதி அதை மட்டும் கிரானில் கூப்பிடுங்கள்.

சர்வீஸ், வட்டு, மீண்டும் துவக்கம்

ஒரு சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் யூனிட் கோப்பை எழுதும் பயிற்சியில் ‘ஸ்டார்ட்’, ‘எனேபிள்’ இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். முதலாவது இப்போது ஓடவைக்கும், இரண்டாவது அடுத்த துவக்கத்தில் ஓட ஏற்பாடு செய்யும். ஒன்று மற்றதைச் செய்யாது. அதைச் சோதிக்க இயந்திரத்தை நிஜமாகவே மீண்டும் துவக்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஒவ்வொரு பயிற்சியின் கடைசி அடியும் ‘ரீபூட், பிறகு சரிபார்’ என்று இருப்பது நல்லது.

யூனிட்டில் ‘ரீஸ்டார்ட்’ வரி எழுதியிருந்தால், நிரல் தொடங்கியவுடன் விழும்போது சிஸ்டம்டி திரும்ப எழுப்பும், அதற்கு வரம்புண்டு. இயல்புநிலையில் 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் எழுப்பாது. மறுதொடக்கத்துக்கு நடுவிலான இடைவெளி இயல்பாக 100 மில்லிவிநாடிதான் என்பதால், டேட்டாபேஸ் தயாராக ஐந்தாறு விநாடி ஆகும் சூழலில் அந்த ஐந்து வாய்ப்பும் கண் சிமிட்டுவதற்குள் தீர்ந்துவிடும். பிறகு டேட்டாபேஸ் வந்தாலும் சர்வீஸ் எழாது. இடைவெளியை 5 விநாடியாக்குங்கள். விழுந்து கிடப்பதை ‘ரீசெட்-ஃபெயில்ட்’ கொடுத்து எழுப்புங்கள். வெளியேறிய எண் 203 என்றால் நிரலின் பாதையோ இயக்க அனுமதியோ தவறு. 217 என்றால் யூனிட்டில் எழுதிய பயனர் பெயர் இல்லை. கோப்பைத் திருத்திய பின் ‘டீமன்-ரீலோடு’ கொடுக்காவிட்டால் பழைய கோப்பையே வைத்து ஓட்டிக்கொண்டிருக்கும். எச்சரிக்கையும் காட்டும்தான், ஆனால் எச்சரிக்கையைப் படிக்கிறவர் யார்?

புது வட்டு சேர்த்து, துவக்கத்தில் எந்த வட்டை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதும் பயிற்சி கட்டாயம் இருக்க வேண்டும், அதுவும் தப்பாக எழுதவைத்து. அதில் பதிவு செய்த வட்டு கிடைக்காவிட்டால் துவக்கம் 90 விநாடி காத்திருந்துவிட்டு அவசர நிலைக்குள் விழும். ரூட்டுக்குக் கடவுச்சொல் வைக்காத இயந்திரமென்றால் அங்கேயும் கதவு பூட்டியிருக்கும்: ரூட் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு நிற்கும். அப்போது இயந்திரம் துவங்கும்போது வரும் கிரப் பட்டியலில் ‘ஈ’ விசையை அழுத்தி, கெர்னல் வரியின் முடிவில் துவக்க நிரலாக பேஷைக் குறிப்பிட்டு உள்ளே போய், வேர்க் கோப்பகத்தை எழுதும்படி மறுமவுன்ட் செய்து, எஃப்எஸ்டேப்பைத் திருத்த வேண்டும். ஒருமுறை இதைச் செய்தவருக்கு, இயந்திரத்தைத் தொட்டவர் இயந்திரத்தின் முதலாளி என்பதும், வட்டுக் குறியாக்கம் எதற்கென்பதும் தனியாகச் சொல்லத் தேவையில்லை. தப்பாமல் எழுத: எஸ்டிபி1 போன்ற பெயர் துவக்கத்துக்குத் துவக்கம் மாறலாம், மாறாத அடையாள எண்ணான யுயுஐடி எழுதுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிற வட்டுக்கு ‘நோஃபெயில்’ சேர்க்கவும். ரீபூட்டுக்கு முன் ‘ஃபைன்ட்மவுன்ட்’ கட்டளையின் வெரிஃபை வசதியால் கோப்பைச் சோதிக்கவும்.

வட்டு நிரம்பும் பயிற்சியை மூன்று விதமாக வைக்கலாம். முதலில் சாதாரணமாகப் பெரிய கோப்பு ஒன்று. அடுத்து, மிச்ச இடத்தைக் காட்டும் ‘டிஎஃப்’ கட்டளை இடம் இருக்கிறது என்று சொல்லும்போதே எழுத முடியாத நிலை. லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகளை உருவாக்கி, கோப்புக்கு ஒன்றாகச் செலவாகும் ஐநோடுகளைத் தீர்த்துவிட்டால் இது வரும், ‘டிஎஃப் மைனஸ் ஐ’ காட்டிக்கொடுக்கும். மூன்றாவது, பெரிய பதிவேட்டை அழித்த பின்னும் இடம் திரும்பாதது. ஏதோ ஒரு நிரல் அந்தக் கோப்பை இன்னும் திறந்து வைத்திருக்கும். பெயர் போய்விட்டது, தரவு போகவில்லை. ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளையைக் கூட்டல் குறி எல்1 என்று கொடுத்தால் அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும். அந்த நிரலை மறுதொடக்கம் செய்தால் இடம் திரும்பும்.

நெட்வொர்க்கும் பெயர்களும்

நெட்வொர்க் வாரத்தில் ஒன்றே ஒன்று மனதில் நின்றால் போதும்: ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ வேறு, ‘டைம்ட் அவுட்’ வேறு. முதலாவது என்றால் நீங்கள் அனுப்பியது போய்ச் சேர்ந்திருக்கிறது, அங்கிருந்து மறுப்பு வந்திருக்கிறது. பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் யாரும் கேட்கவில்லை. இரண்டாவது என்றால் பதிலே இல்லை. வழியில் தீச்சுவர் விழுங்கியிருக்கலாம், முகவரியே தவறாக இருக்கலாம். முதலாவதற்குச் சர்வருக்குள் போய் ‘எஸ்எஸ் மைனஸ் டிஎல்என்பி’ பாருங்கள். நிரல் 127.0.0.1 என்ற, இயந்திரம் தன்னையே அழைக்கும் முகவரியில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் உள்ளிருந்து வேலை செய்யும், வெளியிலிருந்து மறுக்கும். என் இயந்திரத்தில் ஓடுகிறதே என்ற புகாரில் பெரும்பகுதி இதுதான்.

பெயர்களை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் பயிற்சிக்கு பைண்ட் சர்வரைப் பயன்படுத்துவது பெர்க்லியில் பொருத்தமானது. 1980-களின் முற்பகுதியில் அதே வளாகத்தில் பட்டமேற்படிப்பு மாணவர்கள் நால்வர் எழுதத் தொடங்கிய நிரல் அது. லினக்ஸின் முன்னோடியான யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1975-76-இல் வருகைப் பேராசிரியராக அங்கே இருந்தபோது யுனிக்ஸ் ஊன்றியது. 1978-இல் பில் ஜாய் என்ற மாணவர், பிஎஸ்டி என்ற பெர்க்லியின் யுனிக்ஸ் வடிவத்தை நாடாக்களில் அனுப்பத் தொடங்கினார். இணையத்தின் அடிப்படை நெறிமுறையான டிசிபி-ஐபியைச் சேர்த்து வந்த 4.2பிஎஸ்டி 1983-இல் வெளியானது. மாணவர் கையால் எழுதப்பட்டதை மாணவரே மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது அங்கே நேற்றுத் தொடங்கிய வழக்கமல்ல.

ஒரு டொமைனின் பெயர்ப் பதிவுகளை வைத்திருக்கும் மண்டலக் கோப்பில் விழும் முதல் தவறு, பெயரின் கடைசிப் புள்ளி. முழுப் பெயர் எழுதிவிட்டு இறுதியில் புள்ளி வைக்காவிட்டால் பைண்ட் அதன் பின்னால் மண்டலத்தின் பெயரை இன்னொரு தடவை ஒட்டும். தேடும் பெயர் கிடைக்காது, இரட்டைப் பெயர் ஒன்று கிடைக்கும். அடுத்தது வரிசை எண். பதிவைத் திருத்திவிட்டு எண்ணைக் கூட்டாவிட்டால் துணைச் சர்வர்களுக்கு மாற்றமே தெரியாது. முதன்மைச் சர்வரில் சரியாகவும் மற்றதில் பழையதாகவும் பதில் வரும். ஆண்டு, மாதம், நாள், அன்றைய எத்தனையாவது திருத்தம் என்று 10 இலக்கத்தில் எழுதும் மரபைப் பின்பற்றினால் குழப்பமில்லை. ‘நேம்டு-செக்ஸோன்’ ஓட்டாமல் ரீலோடு செய்யக்கூடாது. மூன்றாவது, பொறுமையின்மை: பதிவைச் சேர்க்கும் முன்பே பெயரைத் தேடிப் பார்த்தவருக்கு ‘இல்லை’ என்ற பதிலும் தற்காலிகச் சேமிப்பில் தங்கும், எவ்வளவு நேரம் என்பதை மண்டலக் கோப்பின் தலைப்பிலுள்ள எஸ்ஓஏ பதிவின் கடைசி எண் சொல்கிறது. சோதிக்கும்போது ‘டிக்’ கட்டளையில் உங்கள் சர்வரின் முகவரியை அட் குறியோடு கொடுத்து நேரடியாகக் கேளுங்கள்.

வெப் சர்வருக்கு வந்தால், என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் நிரல் 403 என்ற மறுப்பைக் காட்டுவதற்கு அநேகமாக அனுமதிதான் காரணம். கோப்பு மட்டுமல்ல, வேரிலிருந்து அதுவரை உள்ள ஒவ்வொரு அடைவிலும் என்ஜின்எக்ஸ் பயனருக்கு நுழையும் உரிமை வேண்டும். ‘நேம்ஐ மைனஸ் எல்’ பாதை முழுவதையும் படிப்படியாகக் காட்டும். 502 என்றால் பெரும்பாலும் பின்னாலுள்ள நிரல் ஓடவில்லை. எச்ஏபிராக்ஸியை முன்னால் வைத்து இரண்டு சர்வருக்குச் சுமை பகிரும் பயிற்சியில், சர்வர் வரியில் ‘செக்’ என்ற சொல்லை விட்டுவிட்டால் அது எந்தச் சர்வரும் சாகாது என்றே நினைக்கும். ஒன்றை நிறுத்தினால் பாதிக் கோரிக்கைகள் தோற்கும். ‘செக்’ இருந்தால் 2 விநாடிக்கு ஒருமுறை பார்த்து, 3 முறை தோற்றதும் ஒதுக்கிவிடும். இரண்டையும் செய்துபார்க்க வையுங்கள்.

தளத்துக்கு எச்டிடிபிஎஸ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் பயிற்சியில் வகுப்பே மொத்தமாக மாட்டும் இடம் ஒன்றுண்டு. ஒரே பதிவுப் பெயரின் கீழ் 7 நாளுக்கு 50 சான்றிதழ்தான் தருவார்கள். எல்லோருக்கும் உங்கள் டொமைனின் கீழ் துணைப்பெயர் கொடுத்துவிட்டு 60 பேரை ஒரே மாலையில் சான்றிதழ் எடுக்கச் சொன்னால் கடைசிப் பத்துப் பேர் தங்கள்மேல் எந்தத் தவறும் இல்லாமல் தோற்பார்கள். அவர்களின் சோதனைக்கான ஸ்டேஜிங் சர்வரில் பழகவிட்டு, தேர்ந்தவரை மட்டும் நிஜத்துக்கு அனுப்புங்கள்.

பாதுகாப்புக்கு ஒரு பழைய கதை இன்னும் நல்ல பாடம். 1988 நவம்பர் 2 அன்று பரவிய மோரிஸ் புழு, மின்னஞ்சல் நிரலான செண்ட்மெயிலில் திறந்தே விடப்பட்டிருந்த, பிழை தேடுவதற்கான ‘டீபக்’ வசதி, பயனர் விவரம் சொல்லும் ஃபிங்கர் சேவையின் இடைநினைவு வழிதல், இயந்திரங்களுக்கு இடையிலிருந்த கண்மூடித்தனமான நம்பிக்கை, எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் ஆகியவற்றின் வழியாக நுழைந்தது. செண்ட்மெயிலும் பெர்க்லியில் பிறந்ததுதான். நாலு வழியில் எதுவும் இன்றைக்கும் அந்நியமில்லை என்பதைக் காட்ட, மாணவரின் இயந்திரத்தில் ‘எஸ்எஸ்’ கட்டளையை ஓட்டி, எது எதற்காகக் கேட்கிறது என்று ஒவ்வொரு போர்ட்டுக்கும் காரணம் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாததை மூடுங்கள். கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: அது வெளியிடும் போர்ட் யுஎஃப்டபிள்யூ விதிகளைத் தாண்டிப் போய்விடும். உள்ளுக்கு மட்டும் என்றால் வெளியிடும்போதே 127.0.0.1 குறிப்பிட வேண்டும். டாக்கர் குழுவில் ஒருவரைச் சேர்ப்பதும் அவருக்கு ரூட் கொடுப்பதும் ஒன்றே. கன்டெய்னர் பற்றி இந்த நிலையில் இதற்கு மேல் வேண்டாம். பல இயந்திரங்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸைப் பத்து வாரத்துக்குள் திணிப்பது சொல்லிக்கொடுப்பவரின் ஆசை, கேட்பவரின் தேவையல்ல.

சொல்லிக்கொடுக்கும் கை

மாணவர் ஆசிரியருக்குப் பேராசிரியரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: போன பருவத்தில் இதே இடத்தில் அவர் திணறியிருப்பார், எங்கே இருட்டு என்பது நினைவிருக்கும். அவரிடம் பேராசிரியருக்கு இல்லாத ஒரு குறையும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்ததும் கீபோர்டைப் பிடுங்கிக்கொள்வார். அதற்கு ஒரே விதிதான், பயிற்சியாளர் கை தன் மடியில் இருக்க வேண்டும். கேட்க வேண்டியவை மூன்று. என்ன கட்டளை கொடுத்தாய், என்ன நடக்குமென்று நினைத்தாய், பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது. மூன்றாவது கேள்விக்குப் பதில் தேடும்போதே பாதிப் பேர் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பருவத்தின் நடுவில் ஒரு வகுப்பை வெறும் கோளாறுகளுக்கு ஒதுக்குங்கள். எல்லோர் இயந்திரத்திலும் ஒரு ஸ்கிரிப்ட் வழியாக நாலைந்து பழுதுகளைச் செய்துவையுங்கள்: ஐநோடு தீர்ந்த வட்டு, 127.0.0.1-இல் மட்டும் கேட்கும் சர்வர், புள்ளி விட்ட மண்டலக் கோப்பு, மற்றவரும் எழுதக்கூடிய வீட்டு அடைவு, அனுமதி பிடுங்கப்பட்ட யூனிட் நிரல். இணையத்தில் தேட அனுமதியுங்கள். திருத்தியதோடு விடாமல் காரணத்தை இரண்டு வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். ரீபூட் செய்தேன், சரியாகிவிட்டது என்பதை ஏற்காதீர்கள்.

இயந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று கோப்பில் எழுதிவைத்தால் அப்படியே ஆக்கும் பப்பெட் என்ற கருவி கடைசியில்தான் வர வேண்டும். கையால் பத்துத் தடவை செய்து சலித்தவருக்குத்தான் அதன் அருமை புரியும். சோதனை எளிது. ஒரே கோப்பை இரண்டு முறை ஓட்டுங்கள். இரண்டாம் முறை எதுவும் மாறக்கூடாது. மாறினால் எங்கோ நிபந்தனையில்லாமல் கட்டளை ஓட்டும் ‘எக்ஸெக்’ இருக்கிறது. அதற்கு ‘கிரியேட்ஸ்’ அல்லது ‘அன்லெஸ்’ கொடுங்கள். பப்பெட் முகவர் இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். அது பொறுப்பேற்ற கோப்பைக் கையால் திருத்தினால் அரை மணிக்குள் உங்கள் திருத்தம் மறையும். அவசரத்துக்குக் கையால் சரிசெய்துவிட்டு மூல கோப்பில் எழுத மறந்தவர்கள், சரியானது தானாகத் திரும்பக் கெட்டுவிட்டது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

மாணவர் வகுப்புகள் பெரும்பாலும் தொடாமல் விடுவது காப்புப்பிரதி. பார்க்கக் கவர்ச்சியில்லாத வேலை. அதை ஒரே பயிற்சியில் முடிக்கலாம்: இயந்திரத்திலுள்ள வலைத்தளத்தையும் டேட்டாபேஸையும் வேறோர் இடத்துக்கு எடுத்துவைக்கச் சொல்லுங்கள், அடுத்த வாரம் எல்லோர் மேலடுக்கையும் அழித்துவிட்டு மீட்கச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தவர், டேட்டாபேஸின் சொந்தக் கருவியால் டம்ப் எடுத்தவர், மண்டலக் கோப்பையும் கிரான்டேப்பையும் மறந்தவர் என்று மூன்று வகை அன்றைக்குத் தெரிந்துவிடும்.

பருவம் முடிந்ததும் இயந்திரங்களை அணைப்பதோடு வேலை தீராது. மாணவர்களுக்காகச் சேர்த்த டிஎன்எஸ் பதிவுகளையும் நீக்குங்கள். வாடகை கிளவுடில் இயந்திரம் வாங்கியிருந்தால் விட்டுவந்த ஐபி நாளை வேறு யாருக்கோ போகும், உங்கள் பெயர் அப்போதும் அதையே காட்டிக்கொண்டிருக்கும். தாய் இயந்திரத்தின் ஆதரைஸ்ட்-கீஸ் கோப்பிலிருந்து விடைபெறும் பயிற்சியாளர்களின் சாவிகளை எடுங்கள், அடுத்த அணியின் சாவிகளைச் சேர்த்து அவர்களே நுழைந்து பார்த்த பிறகு.